சிவப்பு மாருதி 800 வெளிறிவிட்டது: பாலிஷா, பெயின்ட்டா?

கேள்வியை ஒருமுறை சுருக்கி எடுத்து வைத்துக்கொள்கிறேன். 1999 மாடல் மாருதி 800, சிவப்பு. வருஷக்கணக்கில் வெட்டவெளியில் நின்று பானெட்டும் ரூஃபும் ரோஸ் நிறத்துக்கு வந்துவிட்டன. கை வைத்தால் சுண்ணாம்புச் சுவரைத் தொட்டதுபோல் பவுடர் ஒட்டுகிறது. பெயின்ட்டர் முழு வண்டிக்கும் அடித்துவிடலாம் என்கிறார். டீடெய்லிங் கடையில் செராமிக் கோட்டிங் போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். வீட்டிலேயே காம்பவுண்ட் (மேலடுக்கைத் தேய்த்து எடுக்கிற அரைபசை) போட்டு மீட்க முடியுமா, எந்த பிராண்டு வாங்கலாம் என்று கேட்கிறீர்கள். கடைசியில், டிக்கிக் கதவில் மட்டும் பவுடர் வரவில்லை, பாலாடை மாதிரி வெள்ளையாக உரிகிறது என்று ஒரு வரி. எனக்கு அந்த ஒரு வரிதான் முக்கியமாகப் படுகிறது. உங்கள் வண்டியில் இரண்டு வகைப் பெயின்ட் இருக்கிறது என்பதை அது சொல்லிவிடுகிறது. ஒன்றுக்குப் பாலிஷ் மருந்து. இன்னொன்றுக்கு எந்தப் பாலிஷும் கேட்காது. அதனால் பிராண்டு விஷயத்தைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, எந்தத் தகட்டின் மேல் எந்தப் பெயின்ட், அது எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பதிலிருந்து தொடங்குகிறேன்.

பெயின்ட் என்பது நிறப்பொடியும் அதைக் கட்டிப் பிடித்திருக்கும் ரெசினும்தான். வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் ரெசினை அறுக்கிறது, காற்றிலுள்ள ஆக்ஸிஜன் அறுந்த இடத்தில் போய்ச் சேர்கிறது, இரவில் படியும் பனி கரைந்ததைக் கழுவிவிடுகிறது. பிடித்திருந்த ரெசின் போய்விட்டால் நிறப்பொடி மட்டும் ஆளில்லாமல் மேலே நிற்கும். கையில் ஒட்டுவது அதுதான். அந்தப் பொடி வெளிச்சத்தைக் கண்டபடி சிதறடிப்பதால் சிவப்பு நம் கண்ணுக்கு ரோஸாகத் தெரிகிறது. எஞ்சின் சூட்டில்தான் பானெட் வெளிறுகிறது என்று சொல்பவர்கள் உண்டு. ரூஃபுக்கு அடியில் எஞ்சின் இல்லையே. உச்சி வெயிலும் இரவுப் பனியும் நேராக விழுகிற கிடைமட்டப் பரப்புகள் என்பதுதான் இரண்டுக்கும் பொதுவான காரணம். வெள்ளை வண்டிகளும் இதே போலப் பவுடராகத்தான் செய்யும். வெள்ளைக்குப் பயன்படுகிற டைட்டானியம் டை ஆக்ஸைடே வெயில் பட்டால் தன்னைச் சுற்றியுள்ள ரெசினைச் சிதைக்கக்கூடியது. பொடியும் வெள்ளை என்பதால் கறுப்புப் பேன்ட்டோடு சாய்ந்து நிற்கும்வரை யாருக்கும் தெரிவதில்லை.

சிவப்பில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. மேலே பொடி படிவது ஒன்று, நிறப்பொடியே வெயிலில் வெளுப்பது இன்னொன்று. முதலாவதைத் தேய்த்து எடுத்துவிடலாம். இரண்டாவதும் மேலடுக்கோடு நின்றிருந்தால் தேய்ப்பில் போய்விடும். ஆழமாக இறங்கியிருந்தால் பளபளப்பு வரும், ஆனால் கதவின் சிவப்புக்கும் பானெட்டின் சிவப்புக்கும் ஒரு படி வித்தியாசம் நிற்கும். இரண்டில் எது என்று படத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஒரு மக் தண்ணீரை வைத்துச் சொல்லலாம். வண்டியைக் கழுவி நிழலில் காயவிட்டு, பானெட்டின் நடுவில் தண்ணீரை ஊற்றுங்கள். ஈரம் நிற்கும்வரை பழைய சிவப்பு திரும்பி வந்தால் நல்ல செய்தி. வேலை முடிந்தபின் கிடைக்கப்போகிற நிறம் ஏறக்குறைய அதுதான். ஈரத்திலும் ரோஸ் திட்டாகவே நின்றால் பாதி நல்ல செய்தி: பளபளப்பு வரும், நிறம் முழுக்கத் திரும்பாது. ஈரத்தில் சாம்பல் நிறமாகவோ மங்கிய பழுப்பாகவோ ஏதாவது தெரிந்தால் அது பிரைமர், நிறத்துக்கு அடியில் இருக்கிற அடிப்பூச்சு. அந்த இடத்தில் மீட்பதற்குப் பெயின்ட் இல்லை.

அடுத்து வெள்ளைத் துணிச் சோதனை. சுத்தமான வெள்ளைத் துணியில் துளி பாலிஷ் எடுத்து உள்ளங்கை அளவு இடத்தைத் தேய்த்துப் பாருங்கள். துணியில் சிவப்பு இறங்கினால் மேலே கிளியர் கோட் (நிறத்துக்கு மேல் அடிக்கிற நிறமற்ற அடுக்கு) இல்லை, நிறமே வெளிப்புறத்தில் இருக்கிறது. ஒற்றை அடுக்குப் பெயின்ட். அந்தக் காலத்தில் நம் ஊர் வண்டிகளின் சாதா நிறங்கள் பெரும்பாலும் இப்படித்தான் வந்தன. மெட்டாலிக் நிறங்களுக்குத்தான் மேலே கிளியர் அடித்தார்கள். உங்கள் பானெட்டில் சிவப்புப் பவுடர் கையில் ஒட்டுகிறது என்பதே இதற்குப் பாதி சாட்சி. ஆனால் நடுவில் யாராவது பெயின்ட் அடித்திருக்கலாம். அதற்கு இன்னொரு சோதனை: துணியில் சில சொட்டு என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரை நனைத்து, கண்ணில் படாத ஒரு மூலையில், பானெட்டின் உள்விளிம்பிலோ கதவைத் திறந்தால் தெரிகிற பக்கவாட்டிலோ, ஐந்தாறு வினாடி மட்டும் தேய்க்க வேண்டும். நிறம் உடனே கரைந்து கொழகொழவென்று துணியில் வந்தால் அது பட்டறையில் அடித்த என்.சி. பெயின்ட். கம்பெனியில் சூளையில் சுட்ட பெயின்ட்டும், ஹார்டனர் எனும் இறுக்கும் ரசாயனம் கலந்து அடித்த பி.யூ. (பாலியூரிதேன்) பெயின்ட்டும் அவ்வளவு சீக்கிரம் கரையாது. என்.சி. என்றால் மீட்க முடியாது என்றில்லை, அழகாகவே பளபளக்கும். ஆனால் சூட்டுக்கு இளகும், மிஷினுக்கு அஞ்சும், சீக்கிரமே மறுபடி வெளிறும். அதற்குக் கைவேலைதான் நல்லது.

பெயின்ட்டின் கனத்தைப் பற்றி ஒரு கணக்கு மனதில் இருக்கட்டும். கம்பெனியிலிருந்து வரும்போது தகட்டின் மேல் எல்லா அடுக்கும் சேர்ந்து பொதுவாக 90 முதல் 130 மைக்ரான். இதில் துருத்தடுப்பு அடுக்கும் பிரைமரும் போக, மேலே இருக்கும் நிறம் சுமார் 40 மைக்ரான்தான். ஒரு தலைமுடியின் கனம் கிட்டத்தட்ட 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், நீங்கள் தேய்க்கப்போவது அதில் பாதிக்குச் சற்றே மேற்பட்ட அடுக்கை. காம்பவுண்ட் ஒருமுறை போட்டால் இரண்டு மூன்று மைக்ரான் போகும்; மென்மையான பழைய பெயின்ட்டில் அதற்கு மேலும் போகலாம். இதுவரை தீபாவளிக்குத் தீபாவளி ரப்பிங் பாலிஷ் போட்டு வந்த வண்டி என்றால் மிச்சம் எவ்வளவு என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். கனம் அளக்கும் மீட்டர் டீடெய்லிங் கடைகளில் இருக்கும். பானெட்டில் ஐந்து இடம், ரூஃபில் ஐந்து இடம் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். 200 மைக்ரானுக்கு மேல் காட்டினால் ஏற்கெனவே மறுபெயின்ட் அடித்திருக்கிறார்கள். 1000ஐத் தொட்டால் அடியில் பட்டி இருக்கிறது. எண் பெரிதாக இருப்பதால் தைரியமாகத் தேய்க்கலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மீட்டர் மொத்தக் கனத்தைத்தான் சொல்லும், அதில் நிறம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. மீட்டர் இல்லையென்றால் பானெட்டின் மடிப்புக் கோடுகளையும் விளிம்புகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பெயின்ட் எப்போதும் மெலிவது அங்கேதான். விளிம்பில் ஏற்கெனவே பிரைமர் எட்டிப்பார்த்தால் நடுப்பகுதியிலும் கைவரிசையைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

காய்ந்த குளத்து மண் போலப் பொடிப்பொடியாக வெடிப்பு இருந்தால் அது பெயின்ட்டின் ஆழம்வரை போன விரிசல். எவ்வளவு தேய்த்தாலும் விரிசல் போகாது; காம்பவுண்ட் அதற்குள் புகுந்து வெள்ளைக் கோடாக நின்று இன்னும் அசிங்கமாக்கும். கொப்புளம் இருந்தால் அடியில் துரு. இந்த இரண்டும் இல்லை, தண்ணீர் ஊற்றினால் சிவப்பு திரும்புகிறது, விளிம்புகள் மூடியே இருக்கின்றன என்றால், பானெட்டுக்கும் ரூஃபுக்கும் பெயின்ட் அடிக்கத் தேவையில்லை என்று உறுதியாகவே சொல்வேன். பெயின்ட்டரைக் குறை சொல்லவில்லை. முழு வண்டி அடிப்பது அவருக்குப் பழகிய வேலை, முடிவு கண்ணுக்குத் தெரியும். ஆனால் கம்பெனியில் சூளையில் சுட்டெடுத்த பெயின்ட்டின் பிடிமானம் பட்டறையில் காற்றில் காயவைக்கிற பெயின்ட்டுக்கு வராது. இருப்பதைக் காப்பாற்ற முடியுமானால் காப்பாற்றுவதுதான் லாபம். செராமிக் விஷயத்தில் இன்னும் வெளிப்படையாகச் சொல்லலாம்: அந்தக் கோட்டிங் ஒன்றிரண்டு மைக்ரான் கனமுள்ள நிறமற்ற படலம். அது நிறத்தைத் திருப்பாது. பவுடரின் மேல் போட்டால் பவுடரோடு சேர்ந்து போகும். கடையில் பளபளப்பு வந்தால் அது கோட்டிங்குக்கு முன் அவர்கள் போட்ட காம்பவுண்டின் வேலை. விளம்பரத்தில் வரும் 9எச் என்பது பென்சில் முனையால் கீறிப் பார்க்கிற சோதனையின் அளவு. ஆணிக் கீறலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இனி வேலை. காலை ஏழு மணிக்குள் நிழலில் ஆரம்பியுங்கள். வெயிலில் நின்ற தகடு 60 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். அதன்மேல் காம்பவுண்ட் போட்டால் நொடியில் காய்ந்து கட்டியாகும். பத்து லிட்டர் வாளி இரண்டு, ஒன்றில் கார் ஷாம்பு, ஒன்றில் துணியை அலசச் சாதாத் தண்ணீர். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசி அலசலுக்கு மட்டுமாவது நல்ல தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே உப்பு வட்டங்கள் இருந்தால் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்து நனைத்து, ஒரு நிமிடம் விட்டுக் கழுவினால் பாதி போய்விடும். காய்ந்தபின் கையில் மெல்லிய பாலிதீன் கவரை மாட்டிக்கொண்டு பெயின்ட்டைத் தடவுங்கள். மணல் தாள் போல நெரநெரவென்று இருந்தால் களிக்கட்டி போட வேண்டும். கடையில் கிளே பார் என்று கேட்டால் கொடுப்பார்கள். ஷாம்புத் தண்ணீர் தாராளமாக விட்டு, அழுத்தாமல் வழுக்கவிட வேண்டும். கட்டி சிவப்பாக மாறும். பயப்பட வேண்டாம், பொடிதான். கீழே விழுந்த கட்டியை மட்டும் எடுத்து மறுபடி தேய்த்துவிடாதீர்கள். அதில் ஒட்டிய ஒரு மணல் போதும், பானெட் முழுக்கக் கோடு போட.

பிறகு மாஸ்க்கிங் டேப். ரப்பர் பீடிங், வைப்பர் அடியிலுள்ள கறுப்பு பிளாஸ்டிக், எம்பளம் இவற்றை மூடுவது பார்வைக்காக. கறுப்பு பிளாஸ்டிக்கில் காம்பவுண்ட் ஏறினால் வெள்ளைக் கறை எளிதில் விடாது. மடிப்புக் கோடுகளையும் பானெட் விளிம்புகளையும் மூடுவது பெயின்ட்டைக் காப்பாற்றுவதற்காக. மெலிந்த இடமும் அழுத்தம் அதிகம் விழுகிற இடமும் ஒன்றாக இருப்பதால், பாலிஷில் பெயின்ட் பறந்து போகிற கதை பத்தில் ஒன்பது இங்கேதான் நடக்கும். நடுப்பகுதி முடிந்தபின் டேப்பை எடுத்துவிட்டு விளிம்பைக் கையால் மென்மையாக நாலு இழுப்பு இழுத்தால் போதும்.

பொருள்கள்: ஒரு காம்பவுண்ட், ஒரு நைஸ் பாலிஷ், ஒரு வாக்ஸ் அல்லது சீலன்ட். 3எம், மெகுவியர்ஸ், வேவெக்ஸ் எதுவானாலும் கை பழகினால் ஒன்றுதான். பானெட், ரூஃப் இரண்டுக்கும் 200 கிராம் காம்பவுண்ட் தாராளம். பணத்தைத் துணியில் போடுங்கள்: நல்ல மைக்ரோஃபைபர் துணி பத்தாவது வேண்டும். பட்டறைகளில் புழங்கும் பனியன் வேஸ்ட் கை துடைக்க நல்லது. தையல் நூலும் ஓரமும் பெயின்ட்டில் கீறும். முதலில் பானெட்டின் நடுவே ஓரடிக்கு ஓரடி இடத்தில் சோதனை செய்யுங்கள். மென்மையானதிலிருந்து தொடங்க வேண்டும்: முதலில் நைஸ் பாலிஷ் மட்டும். அதிலேயே நிறம் திரும்பினால் காம்பவுண்டைத் தொடவே வேண்டாம். போதவில்லை என்றால் காம்பவுண்ட், அதன்மேல் நைஸ் பாலிஷ். வாட்டர் பேப்பர் இந்த வேலைக்கு வேண்டாம். 2000 நம்பர் தாள்கூட சில இழுப்பில் பல மைக்ரானைத் தின்றுவிடும். அது சுருக்கமான பெயின்ட்டைச் சமன் செய்கிறவர்களின் ஆயுதம், பொடி துடைக்க அல்ல. வேலையை வெளியே கொடுத்தாலும் இந்த ஒரு வாக்கியத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கையால் செய்வதானால் பானெட்டை ஆறு கட்டமாக மனதில் பிரித்துக்கொண்டு, ஒரு கட்டத்துக்கு ஒரு சிறு நெல்லிக்காய் அளவு காம்பவுண்ட். வட்டமாகச் சுழற்றாமல் முன்னும் பின்னுமாக நேர்கோட்டில், ஒரு கட்டத்துக்கு மூன்று நான்கு நிமிடம். துணியின் ஒரு மடிப்பு சிவந்து விறைத்துவிட்டால் அடுத்த மடிப்புக்குப் போய்விட வேண்டும். பானெட்டும் ரூஃபும் சேர்ந்து ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை விழுங்கும், மறுநாள் தோள் வலிக்கும். ஆனால் கையால் பெயின்ட்டை ஓட்டை போடுவது கடினம். முதல்முறை செய்பவருக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு கிடையாது.

மிஷின் என்றால் டி.ஏ. பாலிஷர் எனப்படும், சுழன்றுகொண்டே ஆடவும் செய்கிற மிஷின். ஸ்பாஞ்ச் பேட், வேகம் ஆறில் நான்கு அல்லது ஐந்து. இரண்டடிக்கு இரண்டடி கட்டம், பட்டாணி அளவில் நாலு பொட்டு. நகர்த்துவது நிதானமாக, வினாடிக்கு ஓர் அங்குலம்; குறுக்கே ஒருமுறை, நெடுக்கே ஒருமுறை என்று மாற்றி மாற்றி ஐந்தாறு ஓட்டம். ஒற்றை அடுக்குப் பெயின்ட்டில் பெரும்பாலானோர் தோற்பது பேட் அடைப்பதில்தான். செத்த பெயின்ட் முழுக்க ஸ்பாஞ்சில் ஏறி, மெழுகு தடவிய பலகை போல இறுகிவிடும். அதன்பின் மிஷின் பெயின்ட்டை வெட்டாது, சூடாக்கும், வழித்து இழுக்கும். கட்டத்துக்குக் கட்டம் பேடைப் பிரஷால் உதற வேண்டும். பானெட், ரூஃபுக்குக் குறைந்தது நாலு பேட் வைத்துக்கொள்ளுங்கள். புறங்கையைத் தகட்டில் வைத்து மூன்று வினாடி தாங்க முடியவில்லை என்றால் நிறுத்தி ஆறவிட வேண்டும். பெயின்ட்டர்கள் வைத்திருக்கிற, நேராகச் சுழலும் ரோட்டரி மிஷினும் கம்பளி பேடும் வேகமாக வெட்டும். தெரிந்த கையில் 1200 முதல் 1500 சுற்றில் அருமையாக வேலை செய்யும். தெரியாத கையில் விளிம்பை எரிக்கும், நடுவில் வெயிலில் மட்டும் தெரிகிற விசிறி விசிறியான கோடுகளை விட்டுப்போகும். ஆங்கிள் கிரைண்டரில் பேடை மாட்டிச் செய்பவர்களும் இருக்கிறார்கள். நாலு அங்குல கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று போகும். அந்த ஆளிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

எப்போது நிறுத்துவது? துணியில் நிறம் வருவது நிற்கும்வரை தேய்க்க வேண்டும் என்று யாராவது சொல்லியிருந்தால் அதை மறந்துவிடுங்கள். ஒற்றை அடுக்குப் பெயின்ட்டில் நிறம் வருவது நிற்கவே நிற்காது; நின்றால் பிரைமர் வந்துவிட்டது என்று அர்த்தம். துணியில் வருகிற நிறத்தின் தன்மையைப் பாருங்கள். ஆரம்பத்தில் வெளிர் ரோஸாக, சேறு மாதிரிக் கெட்டியாக வரும். அது செத்த பொடி. கொஞ்ச நேரத்தில் அடர்சிவப்பாக, மெலிதாக மாறும். உயிருள்ள பெயின்ட்டுக்கு வந்துவிட்டீர்கள், அதற்குமேல் தேய்ப்பதெல்லாம் நஷ்டம். பிறகு டியூப்லைட்டின் பிம்பத்தைப் பாருங்கள். விளிம்பு கத்தி போலத் தெளிவாக இருந்தால் அந்தக் கட்டம் முடிந்தது. ஆழமான கீறல் ஒன்றிரண்டு நிற்கும். நிற்கட்டும்.

காம்பவுண்டுக்கு முன்னால் மெகுவியர்ஸ் நம்பர் 7 போன்ற எண்ணெய்ப் பசையுள்ள கிளேஸைத் தடவி இரவு முழுக்க ஊறவிடும் பழைய முறை ஒன்று உண்டு. காய்ந்த ஒற்றை அடுக்குப் பெயின்ட்டில் பலன் தெரிகிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை: நிறம் அடர்கிறது, அடுத்த நாள் தேய்க்கும்போது பொடி பறக்காமல் வழுவழுவென்று வருகிறது. ஆனால் எண்ணெய் பெயின்ட்டுக்கு மறுபடி உயிரூட்டுகிறது என்ற விளக்கத்தை நான் நம்புவதில்லை. அறுந்துபோன ரெசின் ஒட்டாது. நுண்ணிய பள்ளங்களை எண்ணெய் நிரப்புவதால் தண்ணீர் ஊற்றினால் வருகிற அதே மாயம் கொஞ்ச நாள் நீடிக்கிறது, அவ்வளவுதான். என்.சி. பெயின்ட், மிக மெலிந்த பெயின்ட் இரண்டுக்கும் தேய்ப்பைக் குறைக்கிற வழி என்பதால் முயன்று பார்க்கலாம்.

தேய்த்து முடித்த அன்றே வாக்ஸ் போட்டாக வேண்டும். பழைய பொடி ஒருவகையில் கீழே இருந்த பெயின்ட்டுக்குக் குடையாக இருந்தது. அதை எடுத்துவிட்டுப் புதுத் தோலை வெறுமனே வெயிலில் விட்டால் சில மாதத்தில் மறுபடி ரோஸ். கர்னாபா வாக்ஸ் நம் வெயிலுக்கு ஆறு முதல் எட்டு வாரம்; சிந்தெடிக் சீலன்ட் நாலைந்து மாதம் தாங்கலாம். டப்பாவில் போட்டிருக்கும் காலக்கணக்கு குளிர்நாட்டுக் கணக்கு. கழுவும்போது தண்ணீர் முத்து முத்தாக உருண்டால் இன்னும் இருக்கிறது, தகடாகப் படர்ந்தால் அடுத்த கோட்டுக்கு நேரம். மெல்லிய படலம் போதும். கனமாகத் தடவினால் துடைக்கத்தான் கஷ்டம்.

மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்து துடைத்தால் பளபளக்கும் என்று சொல்கிறார்களே என்றால், பளபளக்கும், இரண்டு நாள். மேலே சொன்ன நிரப்பும் மாயம்தான். மூன்றாம் நாள் தெருப்புழுதி முழுக்க ஒட்டிக்கொள்ளும், அதைத் துணியால் துடைக்கும்போது கீறல். டயர் பாலிஷைப் பானெட்டில் தடவுவது அதைவிட மோசம். அதிலுள்ள சிலிகான் பெயின்ட்டில் தங்கி, நாளைக்கு அந்தப் பகுதியில் பெயின்ட் அடிக்கும்போது மீன்கண் போல வட்ட வட்டமாகப் பெயின்ட் விலகி நிற்க வைக்கும். பற்பசையில் இருப்பதும் மென்மையான அரைபொடிதான். ஹெட்லைட்டில் ஒரு வேளை உதவும், பானெட்டுக்குக் கட்டுபடியாகாது.

கைக்கு உறை போட்டுக்கொள்ளுங்கள். பழைய சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் பெயின்ட்டுகளில் ஈயமும் குரோமியமும் சேர்ந்த நிறப்பொடிகள் பரவலாகப் புழங்கின. உங்கள் வண்டியில் இருக்கிறதா என்று பார்வைக்குத் தெரியாது, அதனால் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு ஈரமாக வேலை செய்யுங்கள், உலர்ந்த தூசி கிளப்பாதீர்கள், குழந்தைகளைத் தள்ளியே நிறுத்துங்கள். அந்தச் சிவந்த துணிகளை வீட்டுத் துணியோடு வாஷிங் மெஷினில் போடாதீர்கள்.

நிறுத்துமிடம் பற்றி ஒன்று. பாதாம் மர நிழல் குளுமையாகத்தான் இருக்கும், ஆனால் பழக் காலத்தில் வௌவால் வரும். அதன் எச்சம் வெயிலில் காய்ந்தால் ஒரே நாளில் பெயின்ட்டில் தடம் பதிக்கும். பார்த்தவுடன் ஈரத்துணியை மேலே போட்டு ஐந்து நிமிடம் ஊறவிட்டு எடுங்கள், சுரண்ட வேண்டாம். கார் கவர் போடுவதானால் கழுவிய வண்டிக்கு மட்டும். புழுதியோடு போட்ட கவர் காற்றில் அசைகிற ஒவ்வொரு தடவையும் மணல் தாளாக மாறுகிறது.

கடைசியாக டிக்கிக் கதவு. அங்கே எப்போதோ டென்ட் எடுத்து, நிறம் அடித்து மேலே கிளியர் கோட் போட்டிருக்கிறார்கள் என்றுதான் தோன்றுகிறது. பாலாடை போல உரிவது அந்தக் கிளியர். அது ஒருமுறை அடியிலுள்ள நிறத்தை விட்டுக் கிளம்பிவிட்டால் பாலிஷ், வாக்ஸ், செராமிக் எதுவும் ஒட்டவைக்காது. மிஷின் வைத்தால் உரிசல் பெரிதாகும். உரிந்த திட்டில் மட்டும் புதுக் கிளியர் அடித்துச் சமாளிப்பதும் நிற்காது, பழைய கிளியரின் விளிம்பு மறுபடி தூக்கிக்கொள்ளும். அந்தக் கதவை மட்டும் 400, 600 நம்பர் வாட்டர் பேப்பரில் தேய்த்து, கிளியரை முழுக்க எடுத்து, தகடு தெரிகிற இடத்தில் பிரைமர் வைத்து, மறுபடி நிறமும் கிளியரும் அடிக்க வேண்டும். என்.சி.யா பி.யூ.வா என்று கேட்டு, ஹார்டனர் கலந்த பி.யூ. என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அந்த ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கக்கூடியது, முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு வீட்டு வாசலில் அடிக்கிற சமாசாரமல்ல. அடித்தபின் எத்தனை நாள் கழித்து வாக்ஸ் போடலாம் என்றும் கேளுங்கள். காற்றில் காய்ந்த பெயின்ட்டுக்கு ஒரு மாதமாவது விடுவது வழக்கம்.

வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள். முதலில் டிக்கி தவிர மற்ற இடமெல்லாம் பாலிஷ், அதன்பின்தான் டிக்கிக்குப் பெயின்ட். நிறம் கலக்க மாதிரிக்குப் பெரும்பாலும் பெட்ரோல் டேங்கின் வெளிமூடியைத்தான் கழற்றிக்கொண்டு போவார்கள். கழற்றுவதற்கு முன் அதையும் பாலிஷ் செய்து கொடுங்கள்; இல்லாவிட்டால் அவர் அந்த ரோஸுக்குத்தான் கலந்துகொண்டு வருவார்.